பதினோரு பேருக்கு ஒரு கூடம்

அப்பா லண்டனில் காலமானபோது நாங்கள் மொத்தம் பதினோரு பேர். கிடைத்த தகனக்கூடத்தில் நூறு பேருக்கு மேல் உட்காரலாம். நேரம் அரைமணி. பெஞ்சுகளைத் தரையோடு முடுக்கியிருந்ததால் குடத்தோடு மூன்று சுற்று வர இடமில்லை, உடைக்கவும் அனுமதியில்லை. "வீட்டுலேர்ந்து தூக்கின மாதிரியே இல்லடா" என்றாள் அம்மா.

கட்டடம் வரைவதுதான் என் பிழைப்பு. சில வருடம் கழித்து, சின்னக் குடும்பங்களுக்கென்று ஒரு இறுதிச்சடங்குக் கூடம் வரையும் வேலை என்னிடமே வந்தது. பெரிய கூடத்தை அப்படியே சுருக்கி வரைந்தேன். பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஊருக்குப் போகிற வழியில் கொச்சியில் இறங்கி, மட்டாஞ்சேரி கொச்சங்காடியைச் சுற்றிப் பார்த்தேன்.

குடியேறிகளின் தெரு அது. 1341 பெரியாற்று வெள்ளத்தில் கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்துபோனது என்பார்கள். அங்கிருந்து வந்த யூதர்கள் 1344இல் இங்கே ஜெப ஆலயம் கட்டினார்கள். ஆலயம் இன்றில்லை, அதன் கல்வெட்டு மட்டும் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே செம்பிட்ட பள்ளிவாசல். காயல்பட்டினத்தைப் பூர்வீகமாகச் சொல்லும் நெய்னா குடும்பங்களும் கொச்சிக்கு வந்தவர்கள்தான். நம்மூர்க்காரர்கள்!

யூதரோ, முஸ்லிமோ, நம்மைப்போன்ற இந்துக்களோ, மூவருக்கும் அந்தக் காலத்தில் வீடேதான் கூடம். குளிப்பாட்டுவதும் துணி போர்த்துவதும் அங்கேதான். முடிந்தால் அன்றைக்கே எடுத்துவிடுவார்கள். ஜனாஸா தொழுகையில் குனிவதோ சிரம் பணிவதோ இல்லை, நின்றபடியே முடிகிறது. நமக்கோ சுற்றிவர வேண்டும். ஆக, தேவை தண்ணீர், நிற்க இடம், வெளியே போக ஒரு வாசல். நாற்காலி அல்ல.

அப்படியானால் லண்டனில் பெஞ்சு எங்கிருந்து வந்தது? பிரிட்டனில் பிணத்தை எரிப்பது குற்றமல்ல என்று நீதிமன்றம் சொன்னது 1884இல். அடுத்த வருடம் வோக்கிங்கில் முதல் தகனம் நடந்தது. கோல்டர்ஸ் கிரீன் தகன மயானம் 1902இல் திறந்தது. புதுப் பழக்கத்துக்கு மக்கள் மிரளாமலிருக்க, தெரிந்த உருவமான தேவாலயத்தையே எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் முன்னே பார்த்து உட்கார, ஒருவர் பேச, மற்றவர் கேட்க. அவர்களுக்கு அது பொருத்தம். நாமோ உடலைச் சுற்றி நிற்கிறவர்கள். பத்துப் பேர் அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்தால் வராதவர்கள்தான் கண்ணில் படுவார்கள்.

திரும்பி வந்து புதிதாக வரைந்தேன். நடுவில் சக்கரம் வைத்த மேடை. தெற்கே தலை வைக்கிறவர்கள் அப்படியே திருப்பிக்கொள்ளலாம். பெரியவர்கள் உட்காரச் சுவரோரம் திண்ணை. ஒரு மூலையில் குழாய், தண்ணீர் ஓடச் சரிவான கல்தரை. வர ஒரு வாசல், எதிரே தூக்கிக்கொண்டு போக இன்னொரு வாசல். அடுத்த குடும்பம் நம் முகத்தில் முழிக்காது.

வரைபடத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேடையைச் சுற்றி விரலால் மூன்று முறை ஓட்டினாள்.

"இங்க கொஞ்சம் இடிக்குதே."

திண்ணையை அரையடி உள்ளே தள்ளினேன்.