மாமாவின் வண்டியும் லக்கி ஸ்ட்ரைக்கும்

எங்கட மாமா சிகரெட்டை விட்டு மூன்று மாதம் தாக்குப்பிடித்தார். பிறகு ஒருநாள் முள்ளியவளையில் ஒரு பெட்டிக்கடை வாசலில் ஒற்றைச் சிகரெட்டோடு நின்றவரை நானே கண்டேன். கேட்டால், "விட்டாப் பிறகு வண்டி வைச்சிட்டுது தம்பி, காற்சட்டை பூட்டேலாமல் கிடக்கு" என்றார்.

அது வெறும் சாட்டு இல்லை. நிக்கொட்டின் பசியை அடக்கும், உடம்பு சக்தியை எரிக்கிற வேகத்தையும் கொஞ்சம் கூட்டும். விட்டதும் இரண்டும் பழையபடி ஆகும். நாக்குக்கு ருசி திரும்பும், சும்மா இருக்கிற கை பிஸ்கற்றைத் தேடும். 2012 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்த ஆய்வொன்றின்படி, மருந்தின் உதவியில்லாமல் விட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடியிருக்கிறது. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே. மாமா சரியாக அந்த இடத்தில்தான் கவிழ்ந்தார். ஆனால் 16 வீதமானோர் மெலிந்துமிருக்கிறார்கள். இதை ஒருத்தரும் சொல்லுறேல்லை.

இந்தப் பயத்தைக் காசாக்கியவர்களுக்கு ஒரு சரித்திரம் இருக்கு. 1928 இல் அமெரிக்கன் டொபாக்கோ கம்பனியின் தலைவர் ஜோர்ஜ் வாஷிங்டன் ஹில் பெண்களைக் குறிவைத்தார். இனிப்பை எடுக்காதே, லக்கி ஸ்ட்ரைக்கை எடு. இவ்வளவுதான் செய்தி. அடுத்து வந்த விளம்பரங்களில் மெலிந்த முகத்துக்குப் பின்னால் இரட்டை நாடியோடு ஒரு கறுப்பு நிழல் விழுந்தது. மிட்டாய் வியாபாரிகள் கொதித்தார்கள் (அவர்களுக்கும் அது உடல்நலக் கவலை இல்லைத்தான்). 1929 ஈஸ்டர் அன்று எட்வேர்ட் பெர்னேஸின் ஏற்பாட்டில் நியூயோர்க் ஐந்தாம் அவெனியூவில் பெண்கள் சிகரெட்டோடு நடந்தார்கள். அதற்கு 'விடுதலைச் சுடர்' என்று பெயர் வேறை! 1930 இல் மத்திய வர்த்தக ஆணைக்குழு தலையிட்டு, சிகரெட் உடம்பைக் குறைக்கும் என்ற பேச்சை நிறுத்த வைத்தது. ஆனாலும் 1968 இல் பிலிப் மொரிஸ் இறக்கிய 'வேர்ஜினியா ஸ்லிம்ஸ்' அந்த வாக்குறுதியைப் பெயரிலேயே வைத்திருந்தது.

எங்கட பக்கத்துப் புகையிலைக் கதை வேறை. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. தமிழ்நாட்டில் ஒரு புலவர் புகையிலையையே பழநி முருகனிடம் தூது விட்டார். 'புகையிலை விடு தூது' பாடிய அவரின் பெயர் சீனிச்சர்க்கரைப் புலவர்! ஹில் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். எங்கட அப்பாச்சி சுருட்டுப் பத்தினது மெலியிறதுக்கில்லை. மெலிவையும் புகையையும் முடிச்சுப்போட்டது விளம்பரம். இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரங்களைத் தடைசெய்துவிட்டது, ஆனால் அந்த முடிச்சு மாமாவின் தலைக்குள் அவிழேல்லை.

2018 இல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வந்த ஆய்வை அவருக்கு வாசித்துக் காட்டினேன். விட்டபிறகு எடை கூடியவர்களுக்குச் சில வருடங்கள் நீரிழிவு ஆபத்துக் கொஞ்சம் கூடுது. ஆனால் இருதய நோயால் சாகிற ஆபத்து, தொடர்ந்து புகைக்கிறவர்களைவிட அவர்களுக்கும் நல்லாக் குறைவு. மாமா ஒன்றும் சொல்லவில்லை. பிளேன்ரீயைச் சீனியில்லாமல் குடித்துவிட்டு எழும்பிப் போனார்.

இரண்டாந்தரம் விட்டு இப்ப ஐந்தாவது மாதம். சேட் பொக்கற்றில் சிகரெட் இருந்த இடத்தில் புழுக்கொடியல். ஒரு துண்டைச் சப்பி முடிக்கவே கனநேரம் எடுக்கும். பின்னேரங்களில் வற்றாப்பளைப் பக்கம் சைக்கிளில் போய்வாறார். 3 கிலோ கூடித்தான் இருக்கு. காற்சட்டையைத் தையல்காரரிட்டைக் குடுத்து இடுப்பை இளக்குவிச்சுப் போட்டார்.