348,65,15,199 என்ற எண்ணும் வல்லம் சிவசங்கரநாராயண பிள்ளையும்

348,65,15,199 என்பது பத்து இலக்க இயல் எண். இதை 20ஆம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத, குறைந்தது 10,51,899 உறுப்புகள் வேண்டும். இதைவிட அதிக உறுப்புகள் தேவைப்படும் எண் எதுவும் இல்லை. இத்தகைய முடிவுகளுக்கு வழி வகுத்தவர்களுள் ஒருவர், தென்காசி வட்டாரத்தில் பிறந்த கணித அறிஞர் சு. சி. பிள்ளை (1901–1950).

வாரிங் கணக்கு

எந்த இயல் எண்ணையும் அதிக அளவாக 4 வர்க்கங்கள், 9 கனங்கள், 19 நான்காம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்று எட்வர்டு வாரிங் 1770இல் நிறுவாமலே கூறினார். எடுத்துக்காட்டாக, 23ஐ எழுத இரண்டு 8களும் ஏழு 1களும் ஆக 9 கனங்கள் தேவை. ஒவ்வோர் அடுக்குக்கும் இப்படியோர் எல்லை உண்டு என்று ஹில்பர்ட் 1909இல் நிறுவினார். ஆனால் அந்த எல்லை சரியாக எவ்வளவு என்பது தெரியாமலே இருந்தது.

எண்ணின் இயல்பு

2இன் 20ஆம் அடுக்கு 10,48,576. 3இன் 20ஆம் அடுக்கு 348,67,84,401. பின்னதை முன்னதால் வகுத்தால் ஈவு 3,325, மீதி 2,69,201. ஈவை 10,48,576ஆல் பெருக்கி 1ஐக் கழித்தால் 348,65,15,199 கிடைக்கும். இது 3இன் 20ஆம் அடுக்கைவிடச் சிறியது. ஆகவே இதை எழுத 1, 2 ஆகியவற்றின் அடுக்குகள் மட்டுமே பயன்படும். 2இன் அடுக்கை 3,324 முறை எடுத்தபின் எஞ்சும் 10,48,575ஐ ஒன்றுகளாலேயே நிரப்ப வேண்டும். இரண்டையும் கூட்டினால் 10,51,899.

இவ்வளவு உறுப்புகள் தேவை என்று காட்டுவது எளிது. எல்லா எண்களுக்கும் இவ்வளவே போதும் என்று நிறுவுவதுதான் கடினம்.

பிள்ளையின் பங்கு

குற்றாலத்துக்கு அருகிலுள்ள வல்லத்தில் 1901 ஏப்ரல் 5 அன்று பிள்ளை பிறந்தார். ஒரு வயதில் தாயையும் பள்ளி இறுதியாண்டில் தந்தையையும் இழந்தார். அவருடைய திறமையை அறிந்த ஆசிரியர் ஒருவர் பொருளுதவி செய்ததால் படிப்பு தடைப்படவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தபின், 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். வாரிங் கணக்கில் அவருடைய முக்கியமான ஆய்வுகள் அங்கேயே உருவாயின.

மேற்கண்ட வகுத்தலில் ஈவும் மீதியும் சேர்ந்து 2இன் அடுக்கைத் தாண்டாவிட்டால், 6ஐவிடப் பெரிய அடுக்குகளுக்கு இதே முறையில் கிடைக்கும் எண்ணிக்கையே சரியான எல்லை. இம்முடிவைப் பிள்ளையும் அமெரிக்கரான டிக்சனும் 1936 வாக்கில் தனித்தனியே அடைந்தனர். 20ஆம் அடுக்கில் ஈவும் மீதியும் சேர்ந்து 2,72,526தான். எனவே நிபந்தனை நிறைவேறுகிறது. ஆறாம் அடுக்குக்கு எல்லை 73 என்பதைப் பிள்ளை 1940இல் நிறுவினார். அங்கு 73 உறுப்புகளும் தேவைப்படும் எண் 703: பத்து 64களும் அறுபத்து மூன்று 1களும்.

மறைவு

பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தின் அழைப்பை ஏற்று, ஹார்வர்டில் நடந்த அனைத்துலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளப் பிள்ளை புறப்பட்டார். 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமான விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 49.

பிந்தைய நிலை

ஐந்தாம் அடுக்குக்கு எல்லை 37 என்பதைச் சீன அறிஞர் சென் சிங்ருன் 1964இல் நிறுவினார். நான்காம் அடுக்குக்கு வாரிங் சொன்ன 19 சரியே என்பதை இரா. பாலசுப்பிரமணியன், பிரெஞ்சு அறிஞர்களான தெசுயே, திரெஸ் ஆகியோர் 1986இல் முடித்துவைத்தனர்.

நிபந்தனை தவறும் அடுக்குகள் இருந்தாலும் அவை முடிவுள்ள எண்ணிக்கையிலேயே இருக்கும் என்று மாலர் 1957இல் காட்டினார். 1990இல் கணினி வழியாக 47,16,00,000 வரை சோதித்தும் அப்படி ஒன்றுகூட அகப்படவில்லை. அப்படிப்பட்ட அடுக்கு அறவே இல்லை என்பதற்கு நிறுவல் இன்னும் கிட்டவில்லை. வல்லத்தில் பிறந்தவர் தொட்ட அந்தக் கணக்கின் கடைசிப் படி, இனி வரும் மாணவர்களுக்காகக் காத்திருக்கிறது.