மூவண்ணச் சட்டை

எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களை அந்தக் காலத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம், புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவருடைய மகன் பிரான்சிலிருந்து பழைய பத்திரிகைகளைக் கட்டாகக் கட்டி அனுப்புவார். பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிற பையன் என்பதால் அவற்றை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுவது என் வேலை. கூலி, இரண்டு பிஸ்கோத்து.

1963 அல்லது 64 இருக்கும். ஒரு பக்கத்தில் சைக்கிளில் குனிந்திருக்கும் ஒருவர் படம். சட்டையில் நீலம், வெள்ளை, சிவப்பு என்று குறுக்கே மூன்று பட்டை. கொடியையே தைத்துப் போட்டுக்கொண்டது போல இருந்தது.

"இவர் பட்டாளத்துக்காரரா தாத்தா?"

"இல்லடா தம்பி. சம்பியோன் தெ பிரான்ஸ். ஸ்டாப்ளின்ஸ்கி."

"அப்போ ஆங்க்தில்?" எங்களுக்குத் தெரிந்த ஒரே சைக்கிள்காரர் ழாக் ஆங்க்தில்தான்.

"அவனுக்கு இந்தச் சட்டை கிடையாது."

தூர் தெ பிரான்ஸை ஐந்து முறை (1957, பிறகு 1961 முதல் 64 வரை தொடர்ந்து) வென்றவருக்கு சொந்த நாட்டின் சாம்பியன் சட்டை கிடையாதா? அன்று எனக்குப் புரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் படித்துத்தான் புரிந்துகொண்டேன்.

பிரான்சின் தேசிய சாலை சைக்கிள் சாம்பியன் போட்டி பழையது. 1899-லேயே ஒருமுறை நடந்திருக்கிறது. 1907-க்குப் பிறகு, முதல் உலகப்போர் வருடங்கள் தவிர, கிட்டத்தட்ட ஒழுங்காக நடந்து வருகிறது. இப்போதெல்லாம் ஜூன் கடைசியில், தூர் தொடங்குவதற்குச் சற்று முன்பு வைக்கிறார்கள். ஒரே நாள். எல்லோரும் ஒன்றாகப் புறப்பட வேண்டும், முதலில் கோட்டைத் தாண்டியவர் சாம்பியன். பரிசாகக் கிடைப்பது அந்தச் சட்டை. அடுத்த வருடப் போட்டி வரை எந்த ஊர்ச் சாலைப் பந்தயத்துக்குப் போனாலும் அதைப் போட்டுக்கொள்ளும் உரிமை அவர் ஒருவருக்குத்தான்.

ஒரே நாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூன்று வாரப் பந்தயத்தில் இன்று விட்டதை நாளை பிடிக்கலாம், இங்கே அது நடக்காது. கூட்டமாக ஓட்டும்போது முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்குப் பாதி சிரமம் மிச்சம். ஆகவே பேர்போன ஆளின் பின்சக்கரத்தை எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். அவர் அசைந்தால் முப்பது பேர் அசைவார்கள். யாரும் கவனிக்காத ஆள் சரியான நேரம் பார்த்து நழுவிவிடுவார்.

ழான் ஸ்டாப்ளின்ஸ்கி அப்படி நழுவத் தெரிந்தவர். 1960, 62, 63, 64 என்று நான்கு முறை அந்தச் சட்டையை வாங்கினார். 1962-ல் இத்தாலியில் உலக சாம்பியனும் ஆனார். இத்தனைக்கும் அவருடைய அன்றாட உத்தியோகம் ஆங்க்திலுக்கு உதவியாள். தலைவனுக்காகக் காற்றில் முன்னால் ஓட்டுவது, எதிரிகளைக் கண்காணிப்பது, எப்போது பாய வேண்டும் என்று யோசனை சொல்வது. பிரெஞ்சில் இத்தகையவரை தொமெஸ்தீக் என்பார்கள். வீட்டு வேலைக்காரனுக்கும் அதே சொல்தான்.

அவர் பிறந்தது 1932-ல், வடக்கே நிலக்கரிச் சுரங்கப் பகுதியில், போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து ஆரென்பெர்க் சுரங்கத்தில் வேலைக்கு இறங்கினார். உண்மையான பெயர் ஸ்டாப்ளெவ்ஸ்கி. ஒரு பத்திரிகைக்காரர் தப்பாக எழுத, அந்தத் தப்பே நிலைத்துவிட்டது. எத்தா சிவில் பதிவேட்டில் சுப்பிரமணியன் 'சுப்ரமணியேன்' ஆகி, பேரன் பாஸ்போர்ட் வரை அப்படியே போய்ச் சேர்ந்த குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! முப்பத்துச் சொச்சம் வருடம் பதிவேடுகளோடு குப்பை கொட்டிய எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்துப் போனது.

நடுவில் விட்டுப்போன 1961-ல் சட்டையை வாங்கியவர் ரெமோன் பூலிதோர். தூர் பந்தயத்தின் மஞ்சள் சட்டையை ஆயுளில் ஒரு நாள்கூட அணியாமல், 'என்றும் இரண்டாமவர்' என்று பெயர் வாங்கியவர். அவருக்கும் மூவண்ணம் கிடைத்தது. ஆங்க்தில் இளைஞராக 1952-ல் அமெச்சூர் பிரிவில் வென்றதோடு சரி.

ஆங்க்திலின் ராஜ்ஜியம் வேறு. ஒவ்வொருவராக, இடைவெளி விட்டுப் புறப்பட்டு, யார் முதுகிலும் ஒளியாமல், கடிகாரத்தோடு மட்டும் மோதுகிற தனியாள் நேர ஓட்டம். பிரெஞ்சில் 'கோந்த்ர் லா மோந்த்ர்', கடிகாரத்துக்கு எதிராக என்று பொருள். அந்த வகைப் பந்தயங்களில் அன்று பெரிதாக மதிக்கப்பட்டது கிரான் பிரி தே நாசியோன். பத்தொன்பது வயதில் அதை முதன்முதலாக வென்ற ஆங்க்தில் மொத்தம் ஒன்பது முறை வென்றார். நேர ஓட்டத்துக்கு ஒரு தேசியப் பட்டம் அன்று இருந்திருந்தால், வருடா வருடம் அவர் வீட்டுக்கே தபாலில் அனுப்பியிருக்கலாம்.

ஆனால் தொழில்முறை வீரர்களுக்கு அந்தப் பட்டத்தை ஏற்படுத்தியது 1995-ல். ஆங்க்தில் இறந்தது 1987-ல். ஒரு பதவிக்கு அரசாணை வருவதற்குள் அதற்கு உரியவர் மாலையும் கைக்கடிகாரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவதைக் கோப்புகளில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை அந்தக் கோப்பு என்னுடையதாகவும் இருந்தது. அதை இங்கே நீட்ட வேண்டாம்.

காத்திருந்து வாங்கியவர் என்றால் ழானி லோங்கோ அம்மையார். சாலைப் போட்டியில் 1979 முதல் 89 வரை வருடம் தவறாமல் தேசியப் பட்டம். நேர ஓட்டப் பட்டம் வந்தபோது அவருக்கு வயது 36. அதோடு நிறுத்திக்கொள்வார் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 2011-ல், 52 வயதில், மகள் வயதுப் பெண்களை முந்தி அதை மறுபடி வென்றார். எல்லா வகைகளிலும் சேர்த்து 59 தேசியப் பட்டங்கள். 52 வயதில் நான் அலுவலக மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

சட்டையைப் போட்டவர்களில் எனக்கு மறக்காத படம் இன்னொன்று உண்டு. 1978-ன் தூர் பந்தயத்தில் ஒரே நாளில் இரண்டு கட்டங்கள் ஓட்டச் சொல்லி, தூங்கக்கூட நேரம் கொடுக்கவில்லை என்று வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாலான்ஸ் தாஜான் என்ற ஊரில் முடிவுக்கோட்டுக்கு முன்பாக இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே வந்தார்கள். முன்வரிசையில் 23 வயது பெர்னார் இனோ, அந்த வருட தேசிய சாம்பியன், மூவண்ணச் சட்டையோடு. சங்கத்தில் இருந்த எங்களுக்கு அந்த நடை நன்றாகவே தெரியும். அந்த தூர் பந்தயத்தையும் கடைசியில் அவர்தான் வென்றார்.

1969 ஜூலை 14-ல் ரெமோன் தெலீல் இதே சட்டையில் பிரெனே மலையடியிலுள்ள லுஷோனில் ஒரு கட்டம் வென்ற செய்தியை சொல்தா தாத்தாவுக்குப் படித்துக் காட்ட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டார்.

ஸ்டாப்ளின்ஸ்கி 2007-ல் காலமானார். பாரிஸ்–ரூபே பந்தயத்துக்குப் புதிதாகக் கரடுமுரடான கல் பாதை தேடியபோது, ஆரென்பெர்க் காட்டுப் பாதையைக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். 1968-ல் பந்தயம் முதன்முறையாக அந்த வழியே போனது. சிறு வயதில் அவர் கரி வெட்டிய சுரங்கம் அந்தப் பாதைக்குக் கீழேதான் ஓடியது. அடியிலும் வேலை செய்து மேலேயும் பந்தயம் ஓட்டியவர் அவர் ஒருவரே. பாதையின் வாசலில் இப்போது அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதிலும் ஸ்டாப்ளின்ஸ்கி என்றுதான் பொறித்திருக்கிறார்கள்.