நீர்மின்கலங்களில் கரிம மின்வாய்கள்

உலோகச் சேர்மங்களுக்குப் பதிலாகக் கரிம மூலக்கூறுகளைக் கொண்டு செய்யப்படும் மின்வாய் கரிம மின்வாய் எனப்படும். லித்தியம் அயனி மின்கலத்தின் மின்பகுளி தீப்பற்றக்கூடியது; உப்போ அமிலமோ கரைத்த தண்ணீரை மின்பகுளியாகக் கொண்ட நீர்மின்கலத்தில் அது எரியாது. ஆனால் கோட்பாட்டின்படி 1.23 வோல்ட்டைத் தாண்டினால் தண்ணீரே பிரியும். அந்த வரம்பை அனுசரித்து நெடுநாள் உழைக்கும் எதிர்மின்வாய் அரிதாகவே கிடைத்தது.

கரிம மூலக்கூறு எலக்ட்ரான்களை வாங்கிக் கொடுக்கும் வேதியியல் சாயக்காரர்களின் கைக்கு முன்பே வந்துவிட்டது. பழைய தென்னார்க்காடு, அவுரி விளைந்த சீமை. அவுரியின் நீலம் தண்ணீரில் கரையாது. சாயத்தொட்டியில் புளிக்கும்போது எலக்ட்ரான்களை வாங்கி, மஞ்சள்பச்சையாகிக் கரையும். நனைத்த துணியைக் காற்றில் பிடித்தால் அவற்றை ஆக்சிஜனிடம் இழந்து மறுபடி நீலமாகும். புதுச்சேரியிலிருந்து செனெகலுக்குக் கப்பலேறிய நீலத்துணிக்கு நிறம் ஏறியது இப்படித்தான். மின்கலத்தில் மின் ஏறி இறங்குவதும் இதே கொடுக்கல் வாங்கல்தான். அதைச் செய்வது, கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் நிற்கும் கார்போனைல் தொகுதி. சோழமண்டலக் கரையில் தோண்டியெடுத்த சாயவேரின் சிவப்பிலும் அது உண்டு. அந்தச் சிவப்பான அலிசரின், குயினோன் என்னும் கரிமச் சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்தது.

1921இல் டென்மார்க்கின் வேதியியலாளர் பியில்மன் குயினோன் அடங்கிய குயின்ஹைட்ரோன் மின்வாயால் அமிலத்தன்மையை அளந்தார். 1972இல் குயினோன்களை மின்கலத்தில் சோதித்த ஆய்வு வெளிவந்தது. 1994இல் ஜெஃப் டான் குழு லித்தியம் நீர்மின்கலத்தைக் காட்டியது. 2014இல் ஜப்பானியர் அவுரி நீலத்தின் வழித்தோன்றலான இண்டிகோ கார்மைனைச் சோடியம் மின்கலத்தில் வைத்துப் பார்த்தனர். அது நீர்மின்கலம் அன்று.

கரிம மின்வாய்க்குத் தடை கரைதல்தான். சாயக்காரருக்கு வரமான அது மின்கலத்துக்குக் கேடு: கரைந்த மூலக்கூறு மின்வாயை விட்டு அகல, கொள்ளளவு குறையும். 2014இல் ஹார்வர்டில் மைக்கேல் அஸீஸ் குழு கரைதலையே வழியாக்கி, குயினோன் கரைசலைத் தொட்டியில் நிறுத்திப் பாயச் செய்தது. மற்றொரு வழி, மூலக்கூறுகளைப் பாலிமர் சங்கிலியாகக் கோப்பது, அல்லது கரையாத குயினோனைத் தேர்வது. 2017இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் யான் யாவ் குழு அமில, நடுநிலை, கார நீர்களுக்குத் தகுந்த குயினோன் எதிர்மின்வாய்களைக் காட்டியது. அமிலக் கலத்தின் எதிர்மின்வாயில் ஈயத்தின் இடத்தில் குயினோன் அமர்ந்தது.

இப்பணியில் மிகவும் மதிக்கத்தக்கது எதிர்மின்வாயில் ஈயத்தை மாற்றியதே. வீட்டு இன்வெர்ட்டரோடு இருக்கும் ஈய-அமில பேட்டரியும் நீர்மின்கலம்தான். அதன் நஞ்சு ஈயத்தில் இருக்கிறது.