விகாரமகாதேவி பூங்காவின் மணிக்கணக்கு

கொழும்பில் மெய்வல்லுநர் போட்டி என்றால் கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சுகததாச விளையாட்டரங்குதான் நினைவுக்கு வரும். 1991இல் தெற்காசிய விளையாட்டு விழாவும் அங்கேதான் நடந்தது. அங்கே ஓடுபாதை உண்டு, நடுவர் உண்டு, பக்கத்துப் பாதையில் முந்தப் பார்க்கும் இன்னொருவரும் உண்டு. கறுவாத்தோட்டத்து விகாரமகாதேவி பூங்காவில் இவற்றில் எதுவும் இல்லை. ஆனாலும் இருபது ஆண்டுகளுக்குள் மூன்று தடவை கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது அந்தப் பூங்காதான். பிடித்துக் கொடுத்தவர்கள் இலங்கைத் தமிழர் இருவர்.

இவர்கள் செய்த வகைச் சாதனைக்கு வயது அதிகம். ஸ்கொட்லாந்துக் கனவானான கப்டன் பார்க்லி, 1809 கோடையில் நியூமார்க்கெட்டில் 1,000 கினி பந்தயம் கட்டி, மணிக்கு ஒரு மைலாக 1,000 மணி நேரத்தில் 1,000 மைல் நடந்து முடித்தார். ஒரு மணியின் கடைசியில் ஒரு மைல், அடுத்த மணியின் தொடக்கத்தில் இன்னொரு மைல் என இரண்டையும் சேர்த்து நடந்துவிட்டு, இடையில் கிடைத்த ஒன்றரை மணி நேரத்தைத் தூக்கத்துக்கு வைத்துக்கொண்டார். அப்படியும் ஆறு வாரத்தில் அவருடைய எடை 32 இறாத்தல் குறைந்தது. வேகம் அங்கே ஒரு பொருட்டாகவே இல்லை. ஒரு மைலை ஒரு மணி நேரத்துக்குள் நடக்க யாராலும் முடியும். ஆயிரம் தடவை விடாமல் நடப்பதில்தான் சிக்கல்.

ஈழத்தில் இந்த ஆசை கடலில் தொடங்கியது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்திப் பாக்கு நீரிணையைக் கடந்தார். கல்கத்தா பாரிஸ்டர் மிகிர் சென் 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தினார். அடுத்து வந்தவரும் சட்டம் படித்தவரே: வல்வெட்டித்துறையில் 1943இல் பிறந்து சட்டத்தரணியான விவேகானந்தா செல்வகுமார் ஆனந்தன். 1971இல் அவர் இந்தியக் கரைக்குப் போய், அப்படியே திரும்பியும் நீந்தி வந்தார். மொத்தம் 51 மணி நேரம். ‘ஆழிக்குமரன்’ என்ற பட்டம் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது.

கடலில் நீண்ட தூரம் நீந்துபவருக்கு நீரோட்டமும் சொறிமுட்டையும் மட்டும் எதிரிகள் அல்ல. துணைக்கு வள்ளம் வரலாம், அதிலிருந்து குடிக்கவும் கொடுக்கலாம், ஆனால் நீந்துபவரின் கை வள்ளத்தில் பட்டால் எல்லாம் போயிற்று. இரண்டாம் இரவில் ஒரு கை எட்டும் தூரத்தில் மிதக்கும் அந்த வள்ளத்தைப் பிடிக்காமல் இருப்பதற்குத் தோள் பலம் மட்டும் போதாது.

ஆனந்தன் கடலோடு நிற்கவில்லை. 1979 மே 2 முதல் 10 வரை விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் இடைவிடாமல் சைக்கிள் ஓட்டினார். ஊர்த் திடல்களில் இரவு பகலாகச் சைக்கிளில் சுற்றுபவரைக் கூட்டம் சூழ்ந்து பார்ப்பது தமிழருக்குப் புதிதல்ல. அந்தத் திடல் வித்தை இங்கே உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. அதே ஆண்டு ஜூனிலும் ஜூலையிலும் நடந்த டூர் டி பிரான்ஸ் போட்டியை பெர்னார் இனோ வென்றார். 26 நாளில் 3,765 கிலோமீட்டரை அவர் ஓட்டி முடித்த மொத்த நேரம் 103 மணி 6 நிமிடம் 50 செக்கன். அதாவது, பிரான்ஸ் முழுவதையும் சுற்றி வந்த வீரரைவிட, கொழும்பில் ஒரு பூங்காவைச் சுற்றிய சட்டத்தரணி 84 மணி நேரம் கூடுதலாகச் சைக்கிளில் இருந்திருக்கிறார்.

இதை வைத்து ஆனந்தன் பெரியவர் என்பதும் பிழை, இனோவின் வேகத்தைக் காட்டி ஆனந்தனைச் சிறுமைப்படுத்துவதும் பிழை. இனோ மணிக்குச் சராசரி 36 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியவர். ஒவ்வொரு இரவும் படுத்துத் தூங்கியவர். பின்னால் ஒரு குழுவே உழைத்தது. பூங்காவில் சைக்கிள் விழாமல் உருண்டால் போதும், ஆனால் ஓட்டுபவர் தூங்கக் கூடாது. இனோவின் இருதயமும் நுரையீரலும் கோடியில் ஒருவருக்கு வாய்ப்பவை. எட்டு நாள் விழிப்பதற்கு அப்படி ஓர் உடல் தேவையில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: இனோவின் வெற்றியை அன்று சாலையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பூங்காச் சாதனையை அப்படிச் சோதித்தவர் மிகச் சிலர். மூன்று ஆண்டு கழித்து, 1982இல், அமெரிக்காவில் இரவு பகலாக ஓட்டும் சைக்கிள் ஒரு முறையான பந்தயமாகவே ஆனது. முதல் பந்தயத்தில் கண்டத்தைக் குறுக்கே கடக்க லொன் ஹால்டெமனுக்கு 9 நாள் 20 மணி பிடித்தது. அங்கே மணியோடு மைலும் கணக்கில் வந்தது.

1980 மே 15 முதல் 17 வரை ஆனந்தன் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். தூக்கிய காலை நின்ற காலில் சாய்க்கக் கூடாது, எதையும் பிடிக்கக் கூடாது என்பது விதி. நடப்பவருக்குக் கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடியிலும் இரத்தத்தை மேலே தள்ளிவிடும். அசையாமல் நிற்பவருக்கு அது கீழேயே தேங்கும், பாதம் வீங்கும். ஓடுபாதைப் பயிற்சி எதுவும் இதற்கு உதவாது.

1984 ஆகஸ்ட் 6ஆம் திகதி, ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது ஆனந்தன் உயிரிழந்தார். அந்த நாட்களில் லொஸ் ஏஞ்சல்சில் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. அங்கே மிக நீண்ட நீச்சல் 1,500 மீற்றர்தான். திறந்த நீரில் 10 கிலோமீட்டர் என்ற போட்டி 2008இல்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது.

ஆனந்தன் இறந்து பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பூங்கா அடுத்தவரைக் கண்டது. 1996 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அருளானந்தம் சுரேஷ் ஜோக்கிம் அங்கே 1,000 மணி நேரம், மணிக்கு 3.495 கிலோமீட்டர் வீதம் ஓடினார். பார்க்லியின் ஏற்பாடேதான், தூரம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 83.88 கிலோமீட்டர், இரண்டு மரதனுக்கு அரைக் கிலோமீட்டர் குறைவு. அப்போதைய மரதன் உலகச் சாதனை 2 மணி 6 நிமிடம் 50 செக்கன். அதற்குரியவரான பெலெய்னே டின்சாமோ அதை ஒரு தடவை ஓடினார். பூங்காவில் அந்த இரட்டைத் தூரம் நாற்பத்தொரு நாளுக்கு மேல் தொடர்ந்தது.

1997 மே 22 முதல் 25 வரை அதே பூங்காவின் திறந்தவெளி அரங்கில் ஜோக்கிம் 76 மணி 40 நிமிடம் ஒற்றைக் காலில் நின்றார். அந்த ஆகஸ்டில் ஏதென்ஸ் உலகப் போட்டியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரை 22.39 செக்கனில் ஓடி வெள்ளி வென்றார். அவருக்குப் பின்னால் வந்த மெர்லின் ஓட்டியின் நேரம் 22.40. ஜோக்கிமுக்குப் பின்னால் வந்தவர் என்று யாரையாவது சொல்வதானால், ஐந்து ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் தியோரியில் 55 மணி 35 நிமிடம் நின்ற கிரிஷ் சர்மாவைத்தான் சொல்ல வேண்டும்.