பட்ட பாடும் இட்ட தீயும்: 'நார்த்வெஸ்ட் பாசேஜ்' திரைப்படத்தில் நியாயம் உருவாகும் விதம்

கிங் விடோர் இயக்கத்தில் மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனம் 1940இல் வெளியிட்ட 'நார்த்வெஸ்ட் பாசேஜ்', அமெரிக்க எல்லைப்புற சாகசப் படங்களுள் முன்வரிசையில் வைத்துப் பேசப்படுவது. கென்னத் ராபர்ட்ஸ் 1937இல் வெளியிட்ட நாவலின் முதற்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏழாண்டுப் போரின் வட அமெரிக்கக் களத்தில் மேஜர் ராபர்ட் ராஜர்ஸின் ரேஞ்சர் படை 1759 அக்டோபரில் செயின்ட் பிரான்சிஸ் என்ற அபெனாக்கிப் பழங்குடி ஊரை எரித்த கதையை அது சொல்கிறது. படத்தைக் குறை கூறுவோர் பெரும்பாலும் அதன் வசனங்களைச் சுட்டுவார்கள். பழங்குடிகளை மனிதராகவே எண்ணாத பேச்சு அதில் ஏராளம். அந்தக் குற்றச்சாட்டை மறுக்க எதுவும் இல்லை. ஆனால் வசனத்தோடு நின்றுவிட்டால் படம் தன் பார்வையாளரை எங்கே பிடிக்கிறது என்பது தெரியாமலே போய்விடும். வசனத்தின் வெறுப்பை ஏற்காதவர்கூட, ஊர் எரியும்போது ரேஞ்சர்களின் பக்கம்தான் நின்றுகொண்டிருப்பார். அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது அந்த வீரர்கள் படும் பாடு. உடல் வருத்தத்தை ஒரு சான்றாக மாற்றி, இவ்வளவு பட்டவர்கள் செய்வது தவறாக இருக்க முடியாது என்ற உணர்வைப் படம் காட்சி காட்சியாகச் சேர்த்துவைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும். 1759 செப்டம்பர் 13 அன்று, கியூபெக் நகருக்கு வெளியே பிரிட்டிஷ் தளபதி உல்ஃபும் பிரெஞ்சுத் தளபதி மோன்கால்மும் மோதிய அதே நாளில், ஏறத்தாழ இருநூறு பேருடன் ராஜர்ஸ் கிரவுன் பாயிண்ட் முகாமிலிருந்து கிளம்பினார். சாம்ப்ளெய்ன் ஏரி வழியாக வடக்கே சென்று, மிசிஸ்குவா விரிகுடாவில் படகுகளை ஒளித்துவைத்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கினார்கள். படகுகளைப் பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டதால், வந்த வழியே திரும்ப முடியாமல் போயிற்று. சதுப்பு நிலத்தில் ஒன்பது நாள் நடை, பிறகு ஆற்றைக் கடத்தல், அக்டோபர் 4 விடியலில் தாக்குதல். நோய், காயம், திருப்பி அனுப்பப்பட்டவர்கள் போக ஊரை எட்டியவர்கள் 142 பேர் என்கிறது ராஜர்ஸின் கணக்கு. தேவாலயம் உட்பட ஊர் எரிந்தது. இருநூறு பேரைக் கொன்றதாக ராஜர்ஸ் எழுதினார். பிரெஞ்சுத் தரப்பின் சமகாலக் குறிப்புகளோ இறந்தவர்களை முப்பது பேர் அளவில்தான் மதிப்பிடுகின்றன. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். திரும்பும் வழியில் பசியும் துரத்தி வந்த பகைவரும் ரேஞ்சர்களில் ஏறத்தாழ ஐம்பது பேரைத் தின்றுவிட்டன. அதாவது, தாக்கியவர்கள் இழந்த உயிர்கள் தாக்கப்பட்டவர்கள் இழந்தவற்றைவிட அதிகமாக இருந்திருக்கலாம். ஒரு சாகசக் கதைக்கு இது சங்கடமான கணக்கு. படம் அந்தச் சங்கடத்தையே தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது.

இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே மேற்பட்ட படத்தில் ஊரின்மீதான தாக்குதல் எடுத்துக்கொள்வது சிறு பகுதிதான். மீதியெல்லாம் போவதும் வருவதும். மலைச்சரிவில் கனத்த படகுகளைக் கயிறு கட்டி இழுத்தேற்றும் காட்சி, இடுப்பளவு சேற்றில் நடந்து இரவில் மரக்கிளைகளில் உறங்கும் காட்சி, சுழித்தோடும் ஆற்றின் குறுக்கே ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு மனிதச் சங்கிலியாகக் கடக்கும் காட்சி ஆகிய மூன்றுமே படத்தின் புகழுக்குக் காரணம். டெக்னிகலர் ஒளிப்பதிவு ஆஸ்கர் பரிந்துரை பெற்றதும் இத்தகைய காட்சிகளின் வலிமையால்தான் என்று கருத இடமுண்டு. இவற்றை எடுத்த கை எங்கே பழகிய கை என்பது கவனிக்கத்தக்கது. 1934இல் விடோர் தன் சொந்தப் பொறுப்பில் எடுத்த 'அவர் டெய்லி பிரெட்' படத்தின் இறுதியில், வேலையற்றோர் கூடி நடத்தும் கூட்டுப் பண்ணைக்கு நீர் கொண்டுவர நூற்றுக்கணக்கானோர் வாய்க்கால் வெட்டுகிறார்கள். மண்வெட்டி விழும் தாளத்தை மெட்ரோனோமும் முரசும் வைத்து ஒழுங்குபடுத்தியதாக விடோரே தன் சுயசரிதையில் விவரித்திருக்கிறார். 1925இல் வந்த 'தி பிக் பரேட்' படத்தில் வீரர்கள் காட்டுக்குள் முன்னேறும் காட்சியும் அவ்வாறு தாளத்துக்கு அடியெடுத்து வைத்ததே. பலர் உடல் ஒரு உடலாகி ஒரே அசைவில் வேலை செய்வதைக் காட்டுவதில் ஹாலிவுட்டில் அவருக்கு இணை மிகச் சிலரே. வாய்க்கால் காட்சியில் அந்த அசைவு எதை நோக்கியது என்பதில் ஐயமில்லை: காய்ந்த பயிருக்கு நீர். ஆறு ஆண்டுகள் கழித்து, அதே அசைவின் அழகு அப்படியே ஒரு தண்டனைப் படையெடுப்புக்குக் கைமாறுகிறது. உழைப்பைப் பார்க்கும்போது நமக்குள் எழும் மரியாதைக்குத் தனியே ஒரு இலக்கு கிடையாது. யார் சுமந்தாலும் சுமை சுமைதான். சுமப்பவர் எதற்காகச் சுமக்கிறார் என்ற கேள்வி எழுவதற்குள் நம் தசைகள் அவரோடு சேர்ந்துகொள்கின்றன.

இந்தப் பாடெல்லாம் உண்மையில் நடந்ததுதானே, படம் இட்டுக்கட்டியதா என்று ஒருவர் கேட்கலாம். சதுப்பும் ஆறும் உண்மை. உயரமானவர்களை நீரோட்டத்தின் மேற்புறம் நிறுத்தி, ஒருவரையொருவர் பற்றிக் கடந்ததை ராஜர்ஸ் 1765இல் லண்டனில் அச்சிட்ட நாட்குறிப்புகளிலேயே எழுதியிருக்கிறார். ஆனால் அங்கே அது இரண்டொரு வாக்கியம். வேலையைச் செய்து முடித்தவன் மேலதிகாரிக்கு அனுப்பும் அறிக்கையின் தொனி அதில். படத்தில் அது உச்சக்காட்சி. படகு இழுக்கும் காட்சிக்கு வந்தால் வேறுபாடு இன்னும் துலக்கமாகிறது. படகுகளை மலைமேல் ஏற்றிக் கடத்திய செயலை ராஜர்ஸ் 1756 கோடையில் நடந்த வேறொரு வேவுப் பயணத்தில் சொல்கிறார். 1759 பயணத்தைப் பற்றிய அவருடைய விவரிப்பில் அது இல்லை. ஏற்கெனவே பாடு நிறைந்த ஒரு பயணத்துக்கு வேறோர் ஆண்டின் பாட்டையும் கொண்டுவந்து ஏற்றுவதற்குக் காட்சிக் கவர்ச்சி ஒரு காரணம். அந்தக் கவர்ச்சி எந்தத் தட்டில் எடையாக விழுகிறது என்பதும் கேட்க வேண்டியதே. ஊருக்குப் போகும் வழி நீளநீள, ஊரில் நடப்பதற்கான முன்பணம் செலுத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

திரும்பும் வழியில் இந்த ஏற்பாடு மேலும் நுட்பமாகிறது. தாக்குதல் முடிந்ததும் கொல்லப்பட்டவர்களைப் பற்றி யோசிக்கப் பார்வையாளருக்கு நேரமில்லை. உணவு தேடி நான்காகப் பிரிந்த படை பட்டினியில் விழுகிறது. வயிற்றில் காயம்பட்ட ஓவியர் லாங்டன் டவுன் (ராபர்ட் யங்) நடந்தே தீர வேண்டும் என்கிறார் ஸ்பென்சர் ட்ரேசியின் ராஜர்ஸ். கிராஃப்டன் என்ற ரேஞ்சர் புத்தி பேதலித்து, வெட்டியெடுத்த தலையொன்றைப் பையில் வைத்துக்கொண்டு அதைத் தின்று உயிர் பிழைத்திருக்கிறார் என்பது தெரியவருகிறது. அந்தக் காலத்துப் படத்துக்கு இது துணிச்சலான காட்சி என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனாலும் பட்டினியில் ரேஞ்சர்கள் பிணத்தைத் தின்ற செய்தி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்ட ஒன்று. அங்கே தின்றது ஒரு குழு. நாவலும் படமும் அதை ஒற்றைப் பைத்தியக்காரனின் தலையில் கட்டுகின்றன; படம் அவனை மலையுச்சியிலிருந்து விழவைத்துக் கணக்கை முடித்துவிடுகிறது. கூட்டம் கூட்டமாகச் செய்தது மேன்மையென்றால் படம் அதைக் கூட்டத்தின் பெயரில் எழுதுகிறது. இழிவென்றால் தனியாளின் பெயரில். மனிதச் சங்கிலியில் எல்லோர் கையும் இருக்கிறது. பையில் ஒருவன் கைதான்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். இந்தப் படம் வன்முறையை மறைக்கவில்லை, சொல்லப்போனால் அதன் சமகாலப் படங்களைவிட வெளிப்படையானது. அழகிய சாகசமாகப் பூசி மெழுகாத இந்த நேர்மையே ஒருவிதமான விமர்சனம் ஆகாதா? இந்த மறுப்புக்கு வலு சேர்ப்பவள் இசபெல் ஜுவெல் நடித்த ஜென்னி கோயிட். அபெனாக்கிகளிடம் சிறைப்பட்ட வெள்ளைப் பெண்ணான அவள், மீட்டவர்களுக்கு நன்றி சொல்வதற்குப் பதிலாகச் சினந்து சீறுகிறாள். மீட்பு என்ற சொல்லுக்கே கேள்விக்குறி வைக்கும் பாத்திரம் அது. வரலாற்றில் இந்த விரிசல் இன்னும் ஆழமானது: ஊரின் தலைவராக இருந்த ஜோசப்-லூயி கில், சிறுவயதில் சிறைபிடிக்கப்பட்டு அபெனாக்கிகளோடு வளர்ந்த ஆங்கிலேயப் பெற்றோரின் மகன். அவருடைய மனைவியையும் இரு மகன்களையும்தான் ராஜர்ஸ் சிறைபிடித்துக் கொண்டுபோனார். மனைவி வழியிலேயே இறந்தார். வெள்ளையரும் பழங்குடியும் பகையும் உறவும் இப்படிப் பின்னிக் கிடந்த ஊரைப் படம் காட்டியிருந்தால், அதன் தீயை வேறு கண்ணோடு பார்த்திருப்போம். படம் ஜென்னியைக் காட்டுகிறது, உண்மை. ஆனால் அவளது சினத்துக்குக் காரணம் கேட்க ஒருவரும் நிற்பதில்லை. அவளும் நடக்க வேண்டிய இன்னொரு சுமையாகிவிடுகிறாள். வெளிப்படையாகக் காட்டுவது வேறு, காட்டியதை எடைபோட இடம் தருவது வேறு. கொடுமையைக் காட்டியபின் உடனே கொடும்பசியைக் காட்டினால், முன்னதற்கான எதிர்வினை பின்னதில் கரைந்துபோகிறது.

1759ஐயும் 1940ஐயும் இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்பது இன்னொரு மறுப்பு. இன்றைய அளவுகோல் தேவையே இல்லை. தளபதி ஜெஃப்ரி ஆம்ஹர்ஸ்ட் கொடுத்த உத்தரவிலேயே, பகைவர் செய்த கொடுமைகளை நினைவில் கொண்டு பழிவாங்கு, ஆனால் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லவோ துன்புறுத்தவோ கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. அந்த உத்தரவைத் தன் புத்தகத்தில் அச்சிட்டவரும் ராஜர்ஸே. ஆம்ஹர்ஸ்ட் ஒன்றும் இரக்கத்துக்குப் பேர்போனவர் அல்லர். 1763இல் பெரியம்மைக் கிருமியைப் பழங்குடிகளிடம் பரப்பலாம் என்று கடிதம் எழுதியவர். அவருக்கே தெரிந்திருந்த ஒரு வரம்பைப் பற்றிப் படம் நாடகம் எதையும் எழுப்புவதில்லை. வென்றவனைப் புகழும் மரபுக்குள் எரிந்த நாட்டுக்காக இரங்க வழியில்லை என்றும் சொல்லிவிட முடியாது. படையெடுப்பைப் பாடும் வஞ்சித் திணையில் தொல்காப்பியம், பகைவர் நாட்டைத் தீயிடும் எரிபரந்தெடுத்தலையும் வைக்கிறது, கொற்றவள்ளையையும் வைக்கிறது. பகைவர் நாடு அழிந்ததற்கு வருந்திக்கொண்டே வேந்தனின் வெற்றியைப் பாடும் துறை பின்னது. போரை வெறுக்காத, அரசனை அண்டி வாழ்ந்த புலவர்களுக்குச் சாத்தியமான இரட்டைப் பார்வை அது. விடோரின் படத்தில் முதல் துறை முழு வண்ணத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கு வேண்டிய இரக்கமெல்லாம் எரித்தவர்களின் வற்றிய வயிற்றின்மேல் செலவாகிவிட்டது.

படம் எங்கே நிற்கிறது என்பதும் இந்த வாதத்துக்குச் சான்று. தலைப்பில் உள்ள வடமேற்குக் கடல்வழி படத்தில் வருவதே இல்லை. அதைத் தேடி ராஜர்ஸ் புறப்படும் கட்டத்தில் கதை முடிகிறது. இரண்டாம் பாகம் எடுக்கப்படவேயில்லை. தயாரிப்புச் செலவு எல்லை மீறியதே அதற்குக் காரணம், ஆகவே அதில் கருத்தியலைத் தேடக்கூடாது என்பார்கள். ஏற்கலாம், ஆனால் பணம் முடிந்த இடத்தில் கதையும் முடிந்ததால் கிடைத்த விளைவு என்ன என்பது தனிக் கேள்வி. நாவலின் பிற்பகுதியில் ராஜர்ஸ் கடனிலும் குடியிலும் சரிகிறார். வரலாற்றில் அவர் 1768இல் துரோகக் குற்றத்துக்காக இராணுவ விசாரணைக்கு உள்ளாகி விடுவிக்கப்பட்டார். அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டன் பக்கம் நின்று குவீன்ஸ் ரேஞ்சர்ஸ் படையைத் திரட்டினார். 1795இல் லண்டனில் இறந்தார். இதே ஏழாண்டுப் போரின் கர்நாடகக் களத்திலும் இப்படியொருவர் உண்டு. 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது அவருடைய படையின் உணவு வழிகளைத் துண்டித்துக் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கைகொடுத்த யூசுப் கான் என்ற மருதநாயகம், ஐந்தாறு ஆண்டுகளில் அதே கும்பினியை எதிர்த்து 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். (அவரைப் பற்றி 1997இல் கமல்ஹாசன் தொடங்கிய படமும் பாதியில் நின்றது.) எல்லைப்புறப் படைத்தலைவனைப் பேரரசு தேவைப்படும்போது கொண்டாடுவதும் பிறகு சந்தேகிப்பதும் இரு கண்டங்களிலும் ஒன்றுபோலவே நடந்திருக்கிறது. அந்தப் பிற்பாதி இருந்திருந்தால் முற்பாதியின் பாட்டுக்கு யார் எசமானர் என்ற கேள்வி எழாமல் இருந்திருக்காது.

எரிக்கப்பட்ட ஊர் அழியவில்லை. கியூபெக்கில் அதே ஆற்றங்கரையில் ஒடனாக் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. மானுடவியலாளர் கோர்டன் டே அங்கே பதிவுசெய்து 1972இல் ஆய்விதழில் வெளியிட்ட வாய்மொழி மரபின்படி, தாக்குதலுக்கு முந்தைய இரவில் ஊரார் நடனமாடிக்கொண்டிருந்தபோது, வெளியே வந்த ஒரு பெண்ணை இருளில் நின்ற அயலான் ஒருவன் எச்சரித்தான். நம்பியவர்கள் ஒளிந்துகொண்டு தப்பினார்கள். அந்த இரவில் ஊரை வேவு பார்த்த ராஜர்ஸும் நடனம் நடந்ததைக் குறிப்பிடுகிறார். இரு தரப்பும் ஒத்துப்போகும் இந்த இடம், இறந்தோர் எண்ணிக்கை குறித்த பிரெஞ்சுக் கணக்கையும் நம்பத்தக்கதாக்குகிறது. படத்தில் தப்பிப்பதும் ஒளிவதும் ரேஞ்சர்களின் கலை மட்டுமே. அமெரிக்க இராணுவத்தின் ரேஞ்சர் கையேட்டில் ராஜர்ஸின் நிலையாணைகள் என்று அச்சாகிவந்த பத்தொன்பது விதிகளின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 1757இல் ராஜர்ஸ் உண்மையில் எழுதியவை இருபத்தெட்டு விதிகள். கையேட்டில் இடம்பெற்றவையோ கென்னத் ராபர்ட்ஸின் நாவலில் சார்ஜென்ட் மெக்நாட் என்ற பாத்திரம் கொச்சையும் நையாண்டியுமாகச் சொல்பவை. எப்படி நடப்பது, எப்படி ஒளிவது, எப்படித் தின்பது என்பதெல்லாம் அவற்றில் உண்டு. எந்த ஊரை, யாருக்காக என்பது இல்லை.