1,500 டாலர் இன்ஸ்பெக்டர்

இந்த எபிசோடை ஒரு பட்ஜெட் கணக்கோட ஆரம்பிக்கப் போறேன். பட்ஜெட்னு கேட்டதும் ஸ்கிப் பண்ணிடாதீங்க, மொத்தமே நாலு வரிதான்.

வருஷம் 1893. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம். தொழிற்சாலைகளைக் கண்காணிக்க அந்த மாநிலச் சட்டமன்றம் ஒரு புதுச் சட்டம் கொண்டுவருகிறது. யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதையும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார்கள். தலைமை ஆய்வாளருக்கு வருஷத்துக்கு 1,500 டாலர். அவருடைய உதவி ஆய்வாளருக்கு 1,000. அவர்களுக்குக் கீழே பத்து டெபுடி ஆய்வாளர்கள், ஆளுக்கு 750. கூட்டிப் பாருங்க: 1,500, 1,000, அப்புறம் 7,500. சரியாக 10,000 டாலர். அங்கே நிதி ஒதுக்கியது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. ஆக, சம்பளத்துக்கு 20,000. ரயில் டிக்கெட், ஆபீஸ் செலவு வகையறாவுக்கு இன்னொரு 8,000. மொத்தம் 28,000 டாலர்.

1890 சென்சஸ்படி அந்த மாநிலத்தின் ஜனத்தொகை 38 லட்சத்துக்கும் மேல். 28,000-ஐ அதால் வகுத்தால், இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து தலைக்கு ஒரு சென்ட்கூட வரவில்லை. அதே 1893-ல், அதே மாநிலத்தில் இருக்கிற சிகாகோவில்தான் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்காக நகர நிர்வாகம் மட்டும் 50 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது.

இந்தக் கணக்கை ஏன் சொல்றேன்? தொழிலாளர் துறை அதிகாரிகளுக்குச் சம்பளம் ஏத்தணும்னு எந்த ஊர்ல பேச்சு வந்தாலும் முதல்ல வர்ற கேள்வி, "கஜானாவுக்கு எவ்வளவு பாரம்?" நியாயமான கேள்விதான், நம்ம வரிப்பணம் இல்லையா. ஆனா அதுக்குப் பக்கத்துலயே இன்னும் இரண்டு கேள்வி இருக்கு. அந்தச் சம்பளத்துக்கு யார் வருவாங்க? வந்தவங்களை யார் வீட்டுக்கு அனுப்ப முடியும்? இல்லினாய்க் கதையில் இந்த மூணு கேள்வியும் அடுத்தடுத்து வருது.

வேலைக்கு வந்தவர்

அந்த 1,500 டாலர் வேலையை கவர்னர் ஜான் ஆல்ட்கெல்ட் முதலில் ஹென்றி டிமாரெஸ்ட் லாய்டு என்ற எழுத்தாளரிடம் கொடுக்கப் பார்த்தார். லாய்டு மறுத்துவிட்டு இன்னொருவரைக் கை காட்டினார். அவர் பெயர் ஃப்ளாரன்ஸ் கெல்லி. வயது 33.

கெல்லியின் அப்பா வில்லியம் கெல்லி பல வருஷம் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர். இங்கிலாந்துத் தொழிலாளர்கள் பற்றி எங்கெல்ஸ் ஜெர்மனில் எழுதிய புத்தகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் கெல்லிதான். 1891 கடைசியில், கணவரின் அடி உதையிலிருந்து தப்பி, மூன்று பிள்ளைகளோடு சிகாகோ வந்து சேர்ந்தார். ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் அவருக்கு இடம் கொடுத்தது. பிள்ளைகளை லாய்டு குடும்பம் பார்த்துக்கொண்டது.

ஹல் ஹவுஸைச் சுற்றி எல்லாமே தையல்காரர்களின் குடியிருப்பு. ரெடிமேட் கம்பெனி துணியை வெட்டிக் கான்ட்ராக்டரிடம் கொடுக்கும். கான்ட்ராக்டர் வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பார். பீஸ் ரேட் கூலி. சமைக்கிற, தூங்குகிற அதே அறையில்தான் தையல். சின்னப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஓட்டுத்தையல் நூலை உருவும். கெல்லி இதையெல்லாம் நேரில் போய்ப் பார்த்து எழுதினார். அதிலிருந்துதான் 1893 சட்டம் பிறந்தது. 14 வயதுக்குக் கீழே இருக்கிறவர்களைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது. பெண்களுக்கு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வீட்டில் நடக்கும் தையலுக்கும் கட்டுப்பாடு.

பத்து டெபுடிகளில் ஐந்து பேர் பெண்களாக இருக்கணும் என்றும் அதே சட்டம் சொன்னது. கவர்னர் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டே இல்லாத காலம் அது, ஞாபகம் வச்சுக்கோங்க.

இந்தப் பன்னிரண்டு பேர்தான் மாநிலம் முழுக்க. சிகாகோவின் தையல் வீடுகள், இறைச்சிக் கூடங்கள், தெற்கே சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி ஆல்டன் ஊரில் இருந்த கண்ணாடித் தொழிற்சாலை, எல்லாம் இவர்கள் தலையில்தான். 1894-ல் சிகாகோவில் பெரியம்மை பரவியபோது, அம்மை கண்ட வீடுகளிலேயே கோட்டு தைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோட்டு எந்த ஊர்க் கடைக்குப் போகும், யார் தோளில் ஏறும் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தேடிப் பிடித்து, சுகாதாரத் துறையோடு மல்லுக்கட்டி நிறுத்தப் பார்த்தவர்களும் இதே 750 டாலர் ஆய்வாளர்கள்தான்.

ஒரு பையனின் வலது கை

கெல்லி பின்னாளில் எழுதிய ஒரு சம்பவம். பதினோரு வயசுப் பையன். மலிவான படச் சட்டங்களுக்குத் தங்கப் பூச்சு பூசுகிற வேலை. அந்தத் திரவத்தில் இருந்த விஷம் ஏறி அவன் வலது கை செயலிழந்துவிட்டது. கெல்லி வழக்குத் தொடுக்கக் கேட்டு அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போகிறார். அங்கே இருந்த இளம் அதிகாரி ஆச்சரியப்படுகிறார். இதை நான் எடுப்பேன் என்று நினைத்தா வந்தீர்கள், என்கிற தோரணை.

கெல்லி சண்டை போடவில்லை. நேராகப் போய்ச் சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். 1895-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் வாங்கினார். தன் துறையின் வழக்குகளுக்குத் தானே தயார் ஆகணும் என்பதற்காக.

கேட்கும்போது விசில் அடிக்கத் தோணுது. எனக்கும் தோணிச்சு. ஆனா ஒரு நிமிஷம் பட்ஜெட் கண்ணோட பாருங்க. மாநிலம் 1,500 டாலருக்கு ஒரு தலைமை ஆய்வாளரை எடுத்தது. ஒரு வக்கீலும் சேர்ந்து இலவசமாகக் கிடைத்தார். காகிதத்தில் இது லாபம். நிஜத்தில், ஒரு துறை மொத்தமும் ஒரு தனி மனுஷியின் வைராக்கியத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வைராக்கியம் எந்த பட்ஜெட்டிலும் செலவாக வராது. அந்த மனுஷி இல்லாமல் போகிற அன்றுதான் அதன் விலை தெரியும்.

நாற்காலி அதே, ஆள் வேற

அந்த நாள் சீக்கிரமே வந்தது. எட்டு மணி நேர விதியை எதிர்க்கவே இல்லினாய் உற்பத்தியாளர் சங்கம் 1893-ல் உருவாகியிருந்தது. 1895-ல் ரிட்சி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. குழந்தைத் தொழில் தடை தப்பித்தது. ஆனால் 1896 தேர்தலில் ஆல்ட்கெல்ட் தோற்றார். 1897-ல் புது கவர்னர் ஜான் டேனர், கெல்லியை வீட்டுக்கு அனுப்பினார்.

அவர் இடத்துக்கு வந்தவர் லூயிஸ் அரிங்டன். எங்கே வேலை பார்த்தவர் தெரியுமா? ஆல்டனில் இருந்த இல்லினாய் கண்ணாடிக் கம்பெனியில். சின்னப் பையன்களை ராத்திரி ஷிஃப்டில் வைத்திருப்பதற்காக கெல்லி வருஷக்கணக்காக மோதிய அதே கம்பெனி.

இந்த எபிசோடுக்குக் குறிப்பு எடுக்க ஆரம்பிச்சப்போ, சம்பளத்தை ஏத்தினா எல்லாம் சரியாகிடும்னு முடிக்கலாம்னுதான் நினைச்சேன். அரிங்டன் அதைக் கெடுத்துட்டார். பதவி இருந்தது. சம்பளம் போய்க்கொண்டிருந்தது. பட்ஜெட் புத்தகத்தை மட்டும் பார்க்கிறவருக்கு எதுவுமே மாறவில்லை. பணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

பக்கத்து மாநிலம் போட்ட கணக்கு

அப்போ சம்பள உயர்வு வீணா? அதுவும் இல்லை. இல்லினாய்க்கு வடக்கே விஸ்கான்சின். 1911-ல் அந்த மாநிலம் தொழில் ஆணையம் ஒன்றை அமைத்தது. பின்னணியில் இருந்தவர் ஜான் காமன்ஸ், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர். மூன்று ஆணையர்கள், ஆளுக்கு வருஷம் 5,000 டாலர். அதாவது மூணு பேர் சம்பளம் 15,000. கெல்லியோட பன்னிரண்டு பேர் டீமுக்கே வருஷம் 10,000தான். இடையில் 18 வருஷம், விலைவாசியும் ஏறியிருந்தது. இருந்தாலும் இது பெரிய தாவல்.

சம்பளத்தோடு இரண்டு பூட்டும் போட்டார்கள். ஆணையர்களின் பதவிக்காலம் ஆறு வருஷம், அதுவும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முடியாது. கவர்னர் மாறினால் மூணு நாற்காலியும் ஒரே நாளில் காலியாகிவிடாது. கீழே இருக்கிற ஊழியர்களுக்கோ 1905-லேயே வந்துவிட்ட தேர்வு முறை இருந்தது. சிபாரிசுக் கடிதத்தோடு வந்து உட்கார முடியாது. காமன்ஸே பல்கலைக்கழகத்தில் லீவ் போட்டுவிட்டு இரண்டு வருஷம் ஆணையராக இருந்தார்.

அதே 1911-ல் விஸ்கான்சினில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. வேலையில் அடிபட்டால், யார் தப்பு என்று கோர்ட்டுக்கு அலையாமல் இழப்பீடு கிடைக்கும். எனக்கு இதுதான் முக்கியமான இடம். அதுவரை ஒரு தொழிலாளி விரலை இழந்தால் அந்தச் செலவு யார் கணக்கில் வந்தது? முதலாளி கணக்கில் இல்லை. அரசு கணக்கிலும் இல்லை. அந்தக் குடும்பத்தின் அடுப்பங்கரையில் வந்தது. அம்மா கூடுதலாக நாலு சட்டை தைத்தார், தம்பி பள்ளிக்கூடத்தை விட்டான். இழப்பீட்டுச் சட்டம் வந்ததும் அந்தச் செலவு கம்பெனியின் நோட்டுப் புத்தகத்துக்கு மாறியது. விபத்து குறைந்தால் இன்சூரன்ஸ் செலவு குறையும். ஆய்வாளர் சொல்வதைக் கேட்க முதலாளிக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

அப்படின்னா ஆய்வாளர் சம்பளத்தில் அரசு மிச்சம் பிடிச்ச காசு என்ன ஆச்சு? அது மிச்சமே ஆகலை. பில் வேற வீட்டுக்குப் போச்சு, அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தை நியூயார்க் வேறு வழியில் படித்தது. 1911 மார்ச் 25, டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீ. வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த இளம் பெண்கள். ராபர்ட் வாக்னரும் ஆல் ஸ்மித்தும் தலைமை வகித்த விசாரணைக் குழு அமைந்தது. பின்னாளில் அமெரிக்காவின் முதல் பெண் அமைச்சரான ஃப்ரான்சிஸ் பெர்கின்ஸ் அந்தக் குழுவுக்காகத் தொழிற்சாலைகளைப் போய்ப் பார்த்தார். 1913-ல் மாநிலத் தொழிலாளர் துறையையே மாற்றி அமைத்து, ஆய்வாளர் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். பட்ஜெட்டில் பணம் கிடைத்தது, 146 பேருக்குப் பிறகு.

நம்ம ஊர் பக்கம்

இதெல்லாம் அமெரிக்கக் கதைன்னு விட்டுட முடியாது. 1947-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 81-வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. தொழிலாளர் ஆய்வாளர்கள் அரசு ஊழியர்களாக இருக்கணும், வேலை நிலையாக இருக்கணும், ஆட்சி மாறினாலும் வெளியிலிருந்து நெருக்கடி வந்தாலும் அசையக்கூடாது என்று அதன் ஆறாவது பிரிவு சொல்கிறது. கெல்லிக்கு 1897-ல் நடந்ததைத் தடுக்க எழுதியது மாதிரியே இருக்கும். இந்தியா 1949-ல் அதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய வருஷம் வந்த நம்முடைய தொழிற்சாலைகள் சட்டம், ஆய்வாளர்களை நியமிக்கிற அதிகாரத்தை மாநில அரசுகளிடம் கொடுத்தது. ஆக இங்கேயும் இது மாநில பட்ஜெட் விஷயம்தான். சிவகாசியில் ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும் "ஆய்வு பண்ணினாங்களா?" என்று கேட்கிறோம். ஆய்வு பண்ண எத்தனை பேர் இருக்காங்கன்னு விபத்துக்கு முன்னாடி கேட்கிறது கிடையாது.

கேட்க வழி இருக்கு. ஒவ்வொரு வருஷமும் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிலாளர் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும். அதோட கொள்கை விளக்கக் குறிப்புனு ஒண்ணு வெளியாகும், ஆன்லைன்லயே படிக்கலாம். அடுத்த முறை வரும்போது திறந்து பாருங்க. சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் பார்க்காதீங்க. எத்தனை ஆய்வாளர் பணியிடம், அதில் எத்தனை காலி, ஒருத்தருக்கு எத்தனை தொழிற்சாலைன்னு தேடுங்க. கிடைச்ச எண்ணை வகுத்துப் பார்த்து எங்களுக்கு எழுதுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.